பூபாலபிள்ளை அண்ணனின் மற்றக் கை

அந்த வியாழக்கிழமை காலை எங்கள் இயன்மருத்துவப் பிரிவின் வாங்குகள் எல்லாம் நிறைந்திருந்தன. ஒரு அம்மாவின் தோளைத் தூக்கிப் பிடித்திருந்த நேரம் என் போன் இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. மூன்றாம் தடவை எடுத்தேன். ஆரையம்பதி ஓட்டோ தரிப்பிடத்துச் சதாசிவம் பேசினார்.

“மிஸ், பூபாலண்ணன் ஓட்டோவக் கரையில நிப்பாட்டிட்டார்.”

பின்னால் வாகனங்கள் போகும் சத்தம் கேட்டது.

“புள்ளைகள்?” என்றேன்.

“நாலு பேருக்கும் ஒண்டுமில்ல. அவரத்தான் அம்புலன்ஸில ஏத்திட்டாங்க.”

அவரைப் பற்றிக் கேட்பதற்கு முன் அவர் ஏற்றிப்போன பாடசாலைப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். பத்து மாதங்களாக அந்தக் கேள்வி என்னிடம் தயாராக இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கல்லடிப் பாலத்துக்கு ஏறுவதற்குச் சற்று முன்னால் அவர் ஓட்டோவை நிறுத்தியிருக்கிறார். அதன்பின் அவர் கண்விழிக்கவில்லை. சனிக்கிழமை விடிய உயிர் பிரிந்தது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி சதாசிவம் செத்தவீட்டிலேயே கேட்டபோது நான் முதலில் மறுத்தேன். “அண்ணன்ட கைய ஆக்கிவிட்ட ஆள் நீங்க. நீங்க எழுதாம ஆர் எழுதுற?” என்றார். அந்தக் கையை ஆக்கியவர் நானல்ல, அவரே. ஆனால் பத்து மாதங்களுக்கு முன், அவர் மறுபடி பிள்ளைகளை ஏற்றலாம் என்று கடிதம் எழுதிக் கொடுத்தவள் நான். அவரைத் தெரிந்த உங்களில் பலர் அந்தக் கடிதத்தை வாசித்திருக்கிறீர்கள். அதனால் இதையும் நீங்கள் வாசிக்க வேண்டும்.

நான்கு வருடங்களுக்கு முன் அவர் முதன்முதலில் எங்கள் பிரிவுக்கு வந்தபோது பாரிசவாதம் வந்து மூன்று கிழமை ஆகியிருந்தது. கால் ஓரளவு தேறியிருந்தது. வலது கை அசையவேயில்லை. அதை இடது கையால் தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார், தபாலில் தவறி வந்த பொதியை வைப்பதுபோல.

“இது என்ட கை இல்ல மகள். ஆர்ரயோ கைய மாட்டி விட்டிரிக்காங்க. உரியவர் வந்தாக் குடுத்திருவம்.”

கூட வந்திருந்த மனைவி இன்பவதி அக்கா சிரிக்கவில்லை. “வீட்டயும் இதத்தான் சொல்றார் மிஸ். கழுவ விடுறாரில்ல. அது தன்ட இல்லையாம்.”

இருபது வருடங்களாக ஓட்டோ ஓட்டியவர். காலையில் நான்கு பிள்ளைகளை மட்டக்களப்பில் உள்ள பாடசாலைகளுக்குக் கொண்டுபோய் விடுவதும் மத்தியானம் கூட்டி வருவதும்தான் அவருடைய முதல் வேலை. மற்ற ஓட்டமெல்லாம் இடையில். அந்த நால்வரும் வளர்ந்து போக வேறு நால்வர் வருவார்கள். முதல் நாளே நான் கேட்டேன், இந்தக் கை என்ன செய்தால் உங்களுக்குப் போதும் என்று. சாப்பிட வேண்டும், சட்டைப் பொத்தான் போட வேண்டும் என்பார்கள் மற்றவர்கள். அவர் யோசிக்காமல் சொன்னார்: “புள்ளைகள ஏத்தணும்.”

ஆறாம் மாதம் கை தோளளவுக்கு உயர்ந்தது. விரல்களில் ஒன்றும் இல்லை. ஒருநாள் இன்பவதி அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, வரவேண்டியதில் பெரும்பகுதி வந்துவிட்டது, இனி வருவது சொற்பம்தான் என்று சொன்னேன். அப்படித்தான் எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் அவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“அப்ப ஏழாம் மாசம் என்ன மகள் செய்யிற?” என்றார்.

ஏழாம் மாதமும் வந்தார். பதினேழாம் மாதமும் வந்தார். மழைக்காலத்தில் வீதியில் தண்ணீர் ஏறி பஸ் ஓடாத நாளில் சதாசிவத்தின் ஓட்டோவில் பின்சீற்றில் ஏறி வந்தார். “பூபாலண்ணன ஏத்தினா ஓட்டம் இல்ல மிஸ், பாடம்தான். கியர மாத்து, ஹோர்ன அடி எண்டு காது தின்னுறார்” என்று சதாசிவம் முறையிடுவார்.

நல்ல கையைக் கட்டிவிட்டு நலிந்த கையை வேலை செய்யப் பண்ணுவது எங்கள் சிகிச்சைகளில் ஒன்று. விரல்களில் சிறிய அசைவு தெரிந்ததும் அதை அவருக்குச் சொன்னேன், வீட்டில் பெரிய சண்டை வந்தது. அவர் அதுவரை இடது கையால்தான் சாப்பிட்டார், அதுவும் சுவரைப் பார்த்துக்கொண்டு. இடது கையால் உண்பதை மனைவிகூடப் பார்க்கக் கூடாது என்பது அவர் எண்ணம். இப்போது அந்த இடது கைக்கு ஒரு தடித்த காலுறையை மாட்டி மணிக்கட்டில் கட்டி, பகலில் ஆறு மணித்தியாலம் அவிழ்க்கக் கூடாது என்றேன். மூன்றாம் நாள் இன்பவதி அக்கா காலுறையோடு வந்து நின்றா.

“இதக் கட்டினா மனிசன் பட்டினி மிஸ். ஒரு பிடி சோறு வாய்க்குப் போக முதல் எல்லாம் நிலத்தில. காகத்துக்குத்தான் கொண்டாட்டம்.”

“நீங்க ஊட்டி விடுறீங்களா?”

“விடுறாரில்லயே. நீ ஊட்டினா அந்தக் கை பாத்துக்கொண்டு சும்மா இரிக்கும் கா எண்டுறார்.”

அன்றுமுதல் அவர் சுவரைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்துச் சாப்பிட்டார் என்று பின்னர் சொன்னா. வலது கையால் உண்பதைப் பார்க்க யாருக்கும் தடையில்லை, அது சிந்தினாலும். ஒரு பிடியை வாய்க்குக் கொண்டுபோக அவருக்கு நாற்பது நாள் எடுத்தது. அந்த நாட்களிலெல்லாம் இடது கை உறைக்குள் மடியில் கிடந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க எல்லாரையும் பழக்கியவள் நான்.

இரண்டாம் வருடத்தின் பிற்பகுதியில் விரல்கள் இறுக மூடத் தொடங்கின. ஊரில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்குத்தான் பயம் பிடித்தது. பாரிசவாதக் கையில் பிடிப்பது முதலில் வரும், விடுவது கடைசியில் வரும், சிலருக்கு வராமலே போகும். பிடித்துவிட்டு விடாத கை ஒரு கோப்பையைப் பிடித்தால் ஆபத்தில்லை. ஓட்டோவின் வலது கைப்பிடியில்தான் வேகம் இருக்கிறது. தன்பக்கம் முறுக்கினால் வண்டி பாயும். விட்டால்தான் அடங்கும்.

இதை அவரிடம் விளக்கினேன். பழைய ஓட்டோ ஒன்றின் கைப்பிடியை இரும்புக் கடைக்காரரிடம் வாங்கி, யன்னல் கட்டையில் இறுக்கி, காலையும் மாலையும் முறுக்கி முறுக்கி விடப் பழகினார். ஆனால் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சொல்லாமல் வாவியோரத்து வெளியில் சதாசிவத்தைப் பின்னால் இருத்திக்கொண்டு ஓட்டிப் பார்த்திருக்கிறார்.

நடந்ததைச் சதாசிவம் எனக்குச் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். “நல்லாத்தான் போச்சு மிஸ். மறுகா தண்ணிப் பக்கம் கிறுகினார். குறைங்க அண்ணன் எண்டன். ஓம் எண்டார். குறையல்ல. குறைங்க எண்டன். ஓம் ஓம் எண்டார். முகத்தப் பாத்தன், ஆள் கையத்தான் பாத்துக்கொண்டிரிக்கார், வழியப் பாக்கல்ல. விடு, விடு எண்டு கைக்குச் சொல்றார், எனக்கில்ல. நான் பாஞ்சு சாவியத் திருப்பினன். முன்சில்லு தண்ணிக்குள்ள.”

சதாசிவம் இதைச் சொல்லும்போது பூபாலபிள்ளை அண்ணன் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “தண்ணி முழங்காலளவுதான் மகள்,” என்றார்.

“பாலத்தில அப்பிடியா?” என்று கேட்டேன். அவரிடம் நான் கடுமையாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். அடுத்த நாள் அவர் யன்னலில் இறுக்கிய கைப்பிடிக்குத் திரும்பிப் போனார்.

மணிக்கட்டை மேலே உயர்த்தி முன்னால் மடித்தால் இறுகிய விரல்கள் தாமாகவே கொஞ்சம் தளரும். ஓட்டோவில் அதே அசைவுதான் வேகத்தையும் குறைக்கும். இந்த ஒரு அசைவை அவர் ஒரு வருடத்துக்கு மேலாகச் செய்தார். அந்த வீட்டுக்குப் போயிருக்கும் எவரும் யன்னலிலிருந்து வரும் கிறீச் என்ற சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். மூன்றாம் வருடம் முடிய, நான் கைதட்டிய கணத்தில் விரல்கள் விட்டன. பத்துத் தடவை தட்டினேன், பத்துத் தடவையும் விட்டன. முழங்கை மட்டும் முழுதாக நிமிரவில்லை. எவ்வளவு முயன்றாலும் கடைசியில் ஒரு வளைவு நிற்கும். ஓட்டோவுக்கு அது தேவையில்லை என்று இருவரும் விட்டுவிட்டோம்.

சாரதி அனுமதிக்கு வைத்தியர் பார்த்துக் கையொப்பமிட்டார். பெற்றோருக்கு அது போதவில்லை. வாவிக்குள் சில்லு இறங்கிய கதை ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வசந்தி ரீச்சர் ஒருநாள் தனியாக என்னைப் பார்க்க வந்தார். அந்த ஓட்டோவில் போகவேண்டிய நால்வரில் ஒருத்தியான அவருடைய மகள் ஆரணிக்கு அப்போது ஏழு வயது.

“அவர் நல்ல மனிசன். அதில கதையில்ல,” என்றார். “உங்களுக்கு ஒரு புள்ள இருந்தா அந்த ஓட்டோவில ஏத்துவீங்களா? அத மட்டும் சொல்லுங்க.”

ஒரு கிழமை விடுப்பு எடுத்தேன். ஐந்து நாளும் காலையில் அவருடைய ஓட்டோவில் பின்னால் இருந்து ஆரையம்பதியிலிருந்து பட்டினம் வரைக்கும் போய் வந்தேன். காத்தான்குடி நெரிசலில், பாலத்து ஏற்றத்தில், பாடசாலை வாசலில் திடீரென்று குறுக்கே ஓடும் பிள்ளைகளுக்கு முன்னால், அந்த வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நாளும் அது சொன்னபடி கேட்டது.

“என்ன மகள், பரீட்சை பாஸா?” என்றார் கடைசி நாள்.

“பாஸ்.”

“அப்ப இனி ரீச்சர்மார்தான் பயம். புள்ளைகளுக்குப் பயமில்ல.”

அன்று பின்னேரம் பெற்றோருக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். வலது கை தேறிவிட்டது, வண்டியைக் கட்டுப்படுத்தப் போதுமான அளவு தேறிவிட்டது என்று எழுதியிருந்தேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கையைப் பற்றிக் கேட்டார்கள், கையைப் பற்றி எழுதினேன்.

பிள்ளைகளை ஏற்றிய அந்த மாதமே களுதாவளைப் பிள்ளையாருக்கு வைத்திருந்த நேர்த்திக்கடனை முடித்தார். வெள்ளியில் செய்த சிறிய கை ஒன்றைக் காணிக்கை கொடுத்து, வலது கையாலேயே தேங்காய் உடைத்தாராம். மறுநாள் மோதகம் கொண்டுவந்து எங்கள் பிரிவில் எல்லாருக்கும் கொடுத்தார். “நேர்த்தி முடிஞ்சுது மகள். வருத்தமும் முடிஞ்சுது,” என்றார். நான் மோதகத்தைச் சாப்பிட்டுக்கொண்டு, நல்லது அண்ணன் என்றேன்.

அவர் கையோடு கொண்டுதிரியும் கிளினிக் கொப்பியின் பின்பக்கங்களில்தான் நாங்கள் எழுதுவோம். முன்பக்கங்கள் பிரஷர் கிளினிக்குக்கு. அது வேறு கட்டடம், வேறு நாள். நேர்த்திக்குப் பிறகு முன்பக்கங்களில் ஒரு வரியும் எழுதப்படவில்லை. நான் கொப்பியை எப்போதும் பின்னாலிருந்தே திறந்தேன்.

அவர் இறப்பதற்கு மூன்று கிழமைக்கு முன் கடைசியாக வந்தார். வருவதற்குத் தேவை இருக்கவில்லை. பழக்கத்துக்கு வந்தார். வெக்கை பிடித்த நாள், காற்றே இல்லை. கொப்பியை என்னிடம் நீட்டினார். அது என் கைக்கு வர முன் நிலத்தில் விழுந்தது. எடுத்துத் தந்தார். மறுபடி விழுந்தது. இடது கையால் நீட்டியிருந்தார்.

இடது கையைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இவருக்குப் பொறாமை மகள். நாலு வருசம் உழைச்சவர் இவர், பேரெடுத்தது மற்றவர்.”

நானும் சிரித்தேன். வாங்கிலிருந்த நோயாளிகளும் சிரித்தார்கள். பிறகு வலது கையின் பிடிமானத்தை அளந்தேன். முந்திய மாதத்தைவிடக் கூடியிருந்தது. அதை எழுதி, கீழே “மிக நன்று” என்று போட்டு அவரை அனுப்பினேன். அவர் வாசலைத் தாண்டும்போது இடது கையை இரண்டு தடவை உதறினார். அதைக் கண்டேன். கண்டது மாத்திரமே.

இதைப் படிக்கும் உங்களுக்கு எது வரப்போகிறது என்று தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். இது நான் படித்த தொழில்.

செத்தவீட்டில் சனம் கொஞ்சம் குறைந்த பிறகு இன்பவதி அக்கா என்னை உள்ளே கூட்டிப்போய் சாமித்தட்டுக்குக் கீழிருந்த பிஸ்கட் ரின்னைத் திறந்து காட்டினா. பிரஷர் குளிசைகள் அட்டை அட்டையாக உடைக்கப்படாமல் இருந்தன.

“நேர்த்தி குடுத்த நாளோட விட்டிட்டார். நான் கேட்டன். இனியும் போட்டா சாமிய நம்பாத மாதிரி இரிக்கும் கா எண்டார். கையப் பார், எவ்வளவு சுகம் எண்டு காட்டினார். பாத்தன் மிஸ். சுகமாத்தான் இரிந்திச்சு.”

கோயிலில் யாரும் அவருக்கு அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். குளிசை எதற்கு என்று நாங்களும் அவருக்குச் சொல்லவில்லை. கையில் வந்த வருத்தம், கை தேறினால் தீர்ந்தது என்று அவர் நினைத்தார். அவர் மூளையில் ஓர் இரத்தக் குழாய் அடைத்ததையும், இன்னொன்று எந்நேரமும் போகலாம் என்பதையும், நான்கு வருடம் அவருடைய விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்த நான் ஒருநாளும் பேசவில்லை. நல்ல செய்தியையே பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த ரின்னுக்கு முன்னால் இருந்துகொண்டுதான் கொப்பி விழுந்த கதையை இன்பவதி அக்காவுக்குச் சொன்னேன். இடது கை என்று சொன்னேன். உதறினார் என்று சொன்னேன். நான் சிரித்தேன் என்றும் சொன்னேன். கோபப்படுவா என்று எதிர்பார்த்தேன், அதை வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன்.

அவ ஓர் அட்டையை எடுத்துத் திரும்ப ரின்னுக்குள் வைத்தா. பிறகு, “கிணத்தடியிலயும் வாளி வழுகிச்சு,” என்றா. “இடதாலதான் இழுத்தவர். நான் ஏசினன், கவனமில்லையா எண்டு.” ரின்னை மூடினா. “எழுதுங்க மிஸ். சதா எழுதச் சொன்னவன்தானே. இதயும் எழுதுங்க. பொய்யா ஒரு மலர் வேணா.”

அதனால் எழுதுகிறேன். உங்கள் வீடுகளில் கை தேறிய ஒருவர் இருந்தால் அவருடைய குளிசை அட்டையை இன்று எடுத்துப் பாருங்கள். மற்றக் கையையும் பிடித்துப் பாருங்கள்.

அன்று செத்தவீட்டிலிருந்து நான் விடைபெற எழும்பியபோது வசந்தி ரீச்சர் வந்து என் பக்கத்தில் நின்றார். அவருடைய கண்ணை நேராகப் பார்க்க எனக்குத் துணிவில்லை. கடிதத்தைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தன் மகள் சொன்னதைச் சொன்னார்.

பாலத்துக்குக் கிட்ட ஓட்டோ மாமா “பொறுங்க, பொறுங்க” என்று தனக்குள்ளே சொன்னாராம். இடது கை கைப்பிடியிலிருந்து கழன்று மடியில் விழுந்ததாம். கிளச் பிடிக்க ஆளில்லாமல் வண்டி குலுங்கியதாம். வலது கை வேகக் கைப்பிடியை விட்டது. பிறகு அதே கை சாவியைத் திருப்பியது. பிள்ளைகள் பயந்து வீதிப்பக்கமாகக் குதிக்கப் பார்த்தார்கள். பஸ்களும் லொறிகளும் உரசிப் போகும் பக்கம். மாமா பின்னால் திரும்பி, அந்தப் பக்கத்துக்குக் குறுக்கே வலது கையை நீட்டினாராம். கதைக்க வரவில்லை. வாய் ஒருபக்கம் போயிருந்தது. கையை மட்டும் எடுக்கவில்லை.

“பின்னால ஓட்டோவில வந்த சதாசிவம் புள்ளைகள மற்றப் பக்கத்தால இறக்கிற மட்டும் அப்பிடியே வச்சிரிந்தாராம்,” என்றார் ரீச்சர். “எப்பிடி நீட்டினவர் எண்டு கேட்டன். ஆரணி காட்டினா.” அவர் தன் கையைத் தோளுக்கு நேராக நீட்டிக் காட்டினார். முழங்கை நிமிர்ந்து, விரல்கள் விரிந்து.

எங்கள் பிரிவில் நான்கு வருடம் முயன்றும் அந்தக் கை அவ்வளவு நிமிர்ந்ததை நான் கண்டதில்லை. ஓர் எட்டு வயதுப் பிள்ளை கண்டிருக்கிறாள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த நீட்டிய கையை. மடியில் விழுந்து கிடந்த மற்றதையும்.